தவிட்டுக்கு வாங்கிய பேர்

என் பெயர் சிசிலியா. அப்பா முனிசாமி, அம்மா கங்கையம்மாள். பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்கிற குடும்பம். வீட்டுச் சுவரில் முருகன் படம், மாரியம்மன் படம், தறிக்கு மேலே மஞ்சள் துணி கட்டிய திருப்பதி உண்டியல். இந்த வீட்டுக்குள் சிசிலியா எப்படி நுழைந்தாள் என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், ஏகாம்பரநாதர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் இரண்டு தடவை கேட்டார். உங்களுக்கு என்ன வந்தது என்பதுதான் எல்லாருக்கும் என் பதில். ஐயருக்கு மட்டும் மனசுக்குள் சொன்னேன். எனக்கு மூக்கு மேல் கோபம் என்று அப்பா சொல்வார். இருக்கட்டும், அதனால் என்ன?

எனக்கு அந்தப் பெயர் அவ்வளவு பிடிக்கும். எங்கள் தெருவில் நின்று பொன்னியம்மா என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். சிசிலியா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தலை ஒன்றே ஒன்று, அது என் தலை. காஞ்சிபுரம் முழுக்க நெய்கிற புடவையில் எனக்கென்று தனியாக ஒரு நிறம் கிடைத்த மாதிரி ஒரு பெருமை.

ஒரே ஒரு குறை. அம்மா என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏய், இந்தா, கழுதை, சனியனே, இவைதான் அம்மாவின் அகராதியில் நான். யாராவது வந்து, பொண்ணு பேர் நல்லா இருக்குதே என்று சொல்லிவிட்டால் போதும், அம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும். நாய்க்குக்கூட இந்தப் பேரை வைக்க மாட்டாங்க என்று சொல்லிவிட்டு, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வருவாள். பெற்றவளுக்கே என் பெயர் பிடிக்கவில்லை என்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆறாத கோபம்.

பெயர் வந்த கதையை அம்மா சொன்னதில்லை. சொன்னது நர்ஸ் அன்னம்மாள். எனக்கு முன்னால் இந்த வீட்டில் பிறந்த குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையைத் தன் பிள்ளையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். முறத்தில் போட்டுப் பின்வாசல் வழியாக வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். பிறகு கொஞ்சம் தவிடு கொடுத்து அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் தவிட்டுக்கு வந்த பிள்ளை, இதை எடுத்துப்போய் என்ன செய்வது என்று எமன் விட்டுவிட்டுப் போவான். பிள்ளை யார் கையில் இருந்ததோ அவர்கள்தான் பெயர் வைக்க வேண்டும். அதுவும் கேவலமான பெயராக இருக்க வேண்டும். குப்பம்மாள், பிச்சையம்மாள், தவிட்டம்மாள், இப்படி.

என்னை வாங்கிக்கொண்டவர் பிரசவம் பார்த்த அன்னம்மாள். அவருக்குக் கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பா அம்மா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் நர்ஸுக்குப் படித்து, வெள்ளைப் புடவை கட்டி, சைக்கிளில் வந்து எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளைப் பிடித்துக் கையில் கொடுத்தவர். பின்வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் குப்பம்மாள் என்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்னம்மாள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்.

"நான் வாங்கின புள்ளை இது. குப்பைன்னு கூப்புட்றதுக்கா வாங்கினேன்?"

அன்றைக்கு நவம்பர் இருபத்திரண்டு. அவர் போகிற மாதா கோயில் காலண்டரில் புனித சிசிலியாவின் திருநாள். அதையே வைத்துவிட்டு, தவிட்டை வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தவிட்டைத் தின்றுவிட்டுத் தன் பசு அன்றைக்கு எப்படிப் பால் கறந்தது என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

1970ஆம் வருஷம் ஆவணி அமாவாசை. அமாவாசையில் எங்கள் தெருவில் தறி ஓடாது. அதனால் பெண் பார்ப்பது, பஞ்சாயத்துப் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அன்றைக்குத்தான். அன்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ராஜகோபால், அவர் அம்மா எல்லம்மாள், எல்லம்மாளின் தம்பி பஞ்சாட்சரம். ராஜகோபாலுக்கு அப்பா இல்லை. மாமாதான் எல்லாம்.

ராஜகோபாலுக்குச் சாயப்பட்டறையில் வேலை. உட்கார்ந்ததிலிருந்து இரண்டு கைகளையும் துண்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார். காபி டம்ளரை நான் நீட்டினேன். வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டு வரைக்கும் அரக்குச் சிவப்பு. எத்தனை சோப்பு போட்டும் போகாத சிவப்பு. என்னைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு லேசாகச் சிரித்தார். என் கதை அங்கேயே முடிந்துவிட்டது. இவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று சமையலறைக்குத் திரும்புவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

பஞ்சாட்சரம் வக்கீல் குமாஸ்தா. காபி நன்றாக இருக்கிறது என்பதைக்கூட வாய்தா கேட்கிற குரலில்தான் சொல்வார். பெண்ணின் பெயரைக் கேட்டார். அப்பா சொன்னார். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். பிரசவம் பார்த்த நர்ஸு வெச்ச பேருங்க என்று அம்மா அவசரமாக முடித்தாள். தவிடு, முறம், பின்வாசல் எதுவும் அவள் வாயில் வரவில்லை. சரி, அர்த்தம் என்ன என்று கேட்டார் பஞ்சாட்சரம். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா தரையைப் பார்த்தாள். அர்த்தம் தெரியாத பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவது, பத்மாவதி என்று மாற்றிவிடலாமே என்றார் அவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "மாத்திடலாம்ங்க" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோய்க் கூடத்துக்கு வந்துவிட்டேன். எனக்குப் பேர் இருக்கிறது, புதுசாக ஒன்று வேண்டாம் என்றேன். பஞ்சாட்சரம் எழுந்திருக்கப் போனார். அப்போதுதான் ராஜகோபால் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அர்த்தம் இன்னான்னு கேட்டுப் பாக்கலாமே மாமா. நல்ல அர்த்தமா இருந்தா அந்தப் பேரே இருந்துட்டுப் போவட்டும்."

கடைசியில் அப்படித்தான் பேசி முடித்தார்கள். சர்ச்சில் லத்தீன் படித்த பெரிய சாமியார் இருக்கிறார், அவரைக் கேட்டு வருவது பஞ்சாட்சரத்தின் பொறுப்பு. நல்ல அர்த்தம் என்றால் சிசிலியா, இல்லையென்றால் பத்மாவதி. பத்மாவதியாக மாறப் பெண்ணுக்குச் சம்மதம் இல்லையென்றால் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள். என் பெயர், அந்தச் சிவப்புக் கைக்காரர், இரண்டும் எனக்கு வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பாஷையில் மாட்டிக்கொண்டு நின்றன.

அவர்கள் போனதும் அம்மாவிடம் சண்டை போட்டேன். வாடகைச் சாமான் மாதிரி என் பேரைத் தூக்கிக் கொடுக்கிறாயே என்று கத்தினேன். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. பேரில் என்ன இருக்கிறது, உசிரோடு இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு உசிரை எல்லாம் இழுக்கிறாள் என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

மறுநாளே அன்னம்மாள் வீட்டுக்கு ஓடினேன். கொஞ்ச வருஷத்துக்கு முன்புவரை அவர்கள் கோயிலில் பூசை முழுக்க லத்தீனில்தான் நடக்குமாம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தனக்கு மனப்பாடம் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பூசையை எனக்குச் சொல்லியும் காட்டினார். எனக்கு நம்பிக்கை பொங்கியது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அதெல்லாம் சாமிக்குப் புரிந்தால் போதாதா என்று சிரித்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சிசிலியா பாட்டுக்காரர்களுக்குப் பாதுகாவலரான புனிதை.

அது போதும் எனக்கு. அப்படியென்றால் சிசிலியா என்றால் பாட்டு, வேறு என்னவாக இருக்க முடியும்? வீட்டுக்கு வருகிற வழியிலேயே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா சந்தோஷப்பட்டு, அப்படின்னா ஒரு பாட்டுப் பாடேன் என்றாள். பாடினேன். இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த அவள் பிள்ளை எழுந்து அலறிய அலறலில் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேருக்கும் குரலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் எனக்குத் திருவிழாவுக்கு முந்தின நாள் மாதிரிதான் இருந்தது. அப்பா தறியில் உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடா போடுவேன். உடலும் கரையும் கோர்த்துக்கொண்டு போகிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் என் கை நின்றுவிடும். அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார். இரண்டு தடவை கோர்வையைத் தப்பாகப் போட்டு, பிரித்து மறுபடியும் போட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் பதிலோடு வந்த அன்று காலையில் எங்கள் பாவு தெருவில் இருந்தது. தறியில் ஏற்றப்போகிற நெடுக்கு இழைகள்தான் பாவு. பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, இழையை ஒழுங்குபடுத்தி, அறுந்ததை எல்லாம் தேடி முடி போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போனால் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாவே பாழாகிவிடும். அதனால் ஒரு வீட்டுப் பாவு வந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் இரண்டு பக்கமும் வந்து நிற்பார்கள். அந்த முனையில் அம்மா, இந்த முனையில் அப்பா, நடுவில் நான், இடையிடையே பாதித் தெரு. பாக்கு நிறப் பட்டு, காலை வெயிலில் பார்க்கவே பசி எடுக்கிற மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

தெரு முனையில் குதிரை பூட்டிய ஜட்கா வந்து நின்றது. உள்ளே பஞ்சாட்சரமும் எல்லம்மாளும். பின்னால் சைக்கிளில் ராஜகோபால். பஞ்சாட்சரம் மட்டும் இறங்கி வந்து, வீட்டுக்குள் போய்ப் பேசலாமா என்று அப்பாவைக் கேட்டார். பாவை விட்டு வர முடியாது, கொஞ்சம் பொறுங்கள், இல்லை இங்கேயே சொல்லுங்கள், எல்லாம் நம்ம ஜனம்தான் என்றார் அப்பா. பஞ்சாட்சரத்துக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பாவின் இரண்டு பக்கமும் ஒரு கை அசையவில்லை.

பெரிய சாமியார் சொன்னதை அவர் வரிசையாக ஒப்பித்தார். லத்தீன் பாஷையில் சேக்குஸ் என்று ஒரு வார்த்தை, உடம்பில் ஒரு குறையைச் சொல்வது. அதிலிருந்து ரோமாபுரியில் ஒரு பெரிய குடும்பத்துக்கு சிசிலியுஸ் என்று வீட்டுப் பேர் வந்தது. முன்னோரில் யாருக்கோ அப்படி ஒரு குறை இருந்திருக்கலாம், அது பரம்பரைக்கே ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு சிசிலியா என்று பெயர். இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலேயே செவிட்டு மேஸ்திரி வீடு என்று ஒரு வீடு இருக்கிறது. மேஸ்திரி செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அவர் பேரன்களுக்கு அடுத்த தெருவில் பேசுகிற ரகசியம்கூடக் கேட்கும். இருந்தாலும் அது செவிட்டு மேஸ்திரி வீடுதான்.

"என்ன குறைங்க அது?" என்றார் அப்பா.

பஞ்சாட்சரம் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "கண்ணு. சேக்குஸ்னா குருடு. உங்க பொண்ணு பேருக்கு அர்த்தம் குருடி."

எனக்குக் காதுக்குள் சூடாக எதையோ ஊற்றின மாதிரி இருந்தது. பாட்டு போயிற்று. கூடவே சிவப்புக் கைகளும் போயின. ராஜகோபாலைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். இனிமேல் பத்மாவதிதான், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்த அந்த நேரத்தில், பாவின் அந்த முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மாவின் குரல்தான். ஆனால் அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்னா சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

குருடி என்றார் அவர்.

"நெஜமாவா? சாமியார் அவர் வாயால சொன்னாரா?"

சொன்னார் என்றார். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். கையில் பாவை விரித்துப் பிடிக்கிற குச்சி இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நான் பயந்துபோனேன்.

"கேட்டுக்குங்கமா எல்லாரும், என் பொண்ணு பேரு குருடி! அழகான பேரா வெச்சிட்டாளே இந்த நர்ஸம்மான்னு நான் தெனம் தெனம் செத்துக்கினு இருந்தேன். ஒரு ஜொரம் வந்தா போதும், பேர் நல்லா இருக்குதுன்னுதான் வந்துட்டான் எமன்னு நெனைப்பேன். யார்கிட்ட சொல்றது? சொன்னா அவன் காதுல வுழாதா? குப்பையைவிடக் கேவலமான பேரைத்தான் வெச்சிருக்குது அந்த மகராசி. அவளுக்கே தெரியலை பாரு!"

நான் பாவைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். ஏய், கழுதை, சனியனே. பெயரைப் புகழ்ந்தால் ஓடிப்போய்த் துப்புவது. உசிரோடு இருந்தால் போதும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்து விழுந்தது. அம்மாவுக்கு என் பெயர் பிடிக்காமல் இல்லை. அது நல்ல பெயர் என்று பயந்து, உரக்கச் சொன்னால் யாருக்காவது கேட்டுவிடும் என்று, அதைக் கெட்ட பெயர்களால் போர்த்திப் போர்த்தி வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம். பத்மாவதிக்கு உடனே தலையாட்டியதும் அதனால்தான், ஊருக்கு நாலு பத்மாவதி இருந்தால் எமனுக்கு என்னைத் தனியாகத் தெரியாது.

பஞ்சாட்சரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அர்த்தம் அபசகுனமாக இருக்கிறது, ஆகவே பத்மாவதி என்று மாற்றுவதாக ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதானே என்றார். அம்மாவின் முகம் மாறியது. அவளுக்கும் மூக்கு மேல் கோபம் உண்டு, எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாத்த முடியாதுங்க. என் பொண்ணைக் காப்பாத்தின பேரு. பத்மாவதி வேணும்னா வேற எடத்துல பாத்துக்குங்க."

பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது. பயத்திலும்தான், ஏனென்றால் பஞ்சாட்சரம் விருட்டென்று திரும்பிப் போய் ஜட்காவில் ஏறினார். உள்ளே உட்கார்ந்திருந்த எல்லம்மாள் மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜகோபால் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். வண்டியைத் திருப்பு என்று கத்தினார் பஞ்சாட்சரம்.

எங்கள் தெரு சின்னது. ஜட்காவைத் திருப்புகிறபோது காற்று அடித்தது. பாவு தெரு நீளத்துக்கும் ஒரே அலையாக எழும்பிப் பளபளத்தது. குதிரை அதைப் பார்த்து மிரண்டுவிட்டது. பின்னுக்குப் போனது, பக்கவாட்டில் இழுத்தது, நேரே பாவை நோக்கித் திரும்பியது. வண்டிக்காரர் வாரைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. பெண்கள் அலறினார்கள், ஆனால் யாரும் பாவை விட்டுப் போகவில்லை. ராஜகோபால் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். குதிரை முன்காலைத் தூக்கியது, அவர் தலைக்கு மேலே குளம்பு தெரிந்தது. ஜட்காவுக்குள்ளிருந்து எல்லம்மாள் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"குப்பா! வுட்றா! டேய் குப்பா!"

அவர் விடவில்லை. குதிரை காலைக் கீழே வைத்தது, இன்னொரு தடவை தலையை உதறியது, பிறகு நின்றது. பாவுக்கும் அதன் மூக்குக்கும் ஒரு முழம்கூட இல்லை. ராஜகோபால் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என் வாய் சும்மா இருக்குமா?

"யாரு குப்பன்?" என்றேன்.

எல்லம்மாள் ஜட்காவிலிருந்து இறங்கினாள். அக்கா, சும்மா இரு என்றார் பஞ்சாட்சரம்.

"நீ சும்மா இர்ரா. இத்தினி வருசம் நான்தான் சும்மா இருந்தேன்" என்றாள் எல்லம்மாள்.

பிறகு அவள் சொன்னாள். ராஜகோபாலுக்கு முன்னால் அவள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருக்கின்றன. இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி, அங்கிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து, குப்பன் என்று பெயர் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன தம்பி, இந்தப் பேரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தானாகவே ராஜகோபால் என்று எழுதிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி சோறு போடுகிற வீட்டில் என்ன சொல்வது? ஆனால் பையன் தூங்கின பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, குப்பா குப்பா என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் அவள் படுப்பாள். சாயப்பட்டறையில் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் தனியாக நின்று ஒரு தடவை சொல்லிக்கொள்வாள்.

ராஜகோபாலின் காது இரண்டும் அவர் கை நிறத்துக்கு வந்துவிட்டன. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குதிரையைப் பார்த்தார்.

எல்லம்மாள் எங்கள் பக்கம் வந்தாள். நடுவில் பாவு. ஒன்றும் யோசிக்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய் அம்மாவின் எதிரில் நிமிர்ந்தாள்.

"தவிடு எவ்ளோமா குடுத்த?"

"ஒரு படி" என்றாள் அம்மா.

எல்லம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு அம்மாவின் கன்னத்தில் காய்ந்தும் காயாமலும் இருந்த கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அம்மாவின் கை காலியாக இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது. இந்தப் பெண்ணைத் தவிர என் குப்பனுக்கு வேறு யாரும் வேண்டாம், அவள் அவள் பேரோடேயே வரட்டும் என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் வீட்டுச் சாமிக்கும் அன்னம்மாளின் சாமிக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

பஞ்சாட்சரம் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். தோற்ற கேஸை எப்படி முடிப்பது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பத்திரிகையில் மாப்பிள்ளை பேரை ராஜகோபால் அலியாஸ் குப்பன் என்று போட்டுவிடலாம், ஒருத்தருக்கு இரண்டு பேர் இருந்தால் கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவோம், அலியாஸ் என்பதும் லத்தீன்தான் என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா, பாவிலிருந்து கையை எடுக்காமலேயே.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை கூத்தில் பாவை எல்லாரும் மறந்துவிட்டோம், அம்மாவைத் தவிர. அவள் மறுபடியும் குச்சியைச் சரிசெய்து, குனிந்து, பாவின் மேல் பார்வையை ஓட்டினாள். பிறகு தெரு அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி, கொஞ்சமும் பயமில்லாமல் கூப்பிட்டாள்.

"சிசிலியா! ஏ சிசிலியா! உன் கைக்கிட்டதான் இழை அறுந்துக்கினு இருக்குது, பாரு."

பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றதில் எனக்குப் பாவே தெரியவில்லை, இழை எங்கே தெரியும்? பக்கத்தில் வந்து நின்று, அந்தச் சிவப்பு விரல்களால் அதைத் தேடி எடுத்து முடி போட்டது குப்பன்தான்.